சனிக்கிழமைப் படத்துக்கு வெள்ளிக்கிழமையே ஒரு வேலை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு டிவி. அதன் முன்னால் உட்காருகிற ஆட்கள் ஐந்து பேர். எழுபதைத் தாண்டிய என் அத்தை, அதாவது மாமியார். நானும் என் கணவரும். பன்னிரண்டு வயதில் பெரியவன், ஏழு வயதில் சின்னவள். பிள்ளைகளுக்கு என் அத்தை ஆச்சி. இந்த ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து முகம் சுளிக்காமல், பயப்படாமல், கொட்டாவி விடாமல் பார்க்கிற மாதிரி வாரம் ஒரு படம் வேண்டும். கேட்கச் சின்ன ஆசைதான். இது கைகூட எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம், கொழுந்தன் குடும்பமும் நாத்தனார் குடும்பமும் வந்திருந்தார்கள். ஹாலில் மொத்தம் பதினோரு பேர். யாரோ ஒரு படத்தின் பெயரைச் சொன்னார்கள். பத்து வருடம் முன்னால் தியேட்டரில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்த படம், 'யு' சான்றிதழ் வேறு. போட்டோம். கால் மணி நேரத்துக்குள் ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. இரட்டை அர்த்தம்கூட இல்லை, ஒரே அர்த்தம்தான். கொழுந்தன் ரிமோட்டைத் தேடினார். அது சின்னவளின் மடிக்கு அடியில் கிடந்தது. நாத்தனார் திடீரென்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். அத்தை எழுந்து, "அடுப்புல பாலு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுப்பில் பால் இல்லை. எனக்குத் தெரியும், நான்தான் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தேன்.

அதே படத்தில் பின்னால் ஒருவரை இரும்புக் கம்பியால் அடிக்கிற காட்சியும் இருந்தது. அப்போது சின்னவளுக்கு ஐந்து வயது. பார்க்கும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை, அழவும் இல்லை. ஆனால் அன்று ராத்திரியிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் பாத்ரூம் விளக்கை அணைக்க விடவில்லை. பிள்ளைகள் பயந்ததை அந்த நேரத்தில் காட்டிக்கொள்ள மாட்டார்கள், ராத்திரியில்தான் அது வெளியே வரும் என்பதை அந்த வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன். இருந்தாலும் அதைவிட என்னை உறுத்தியது அத்தை எழுந்து போனதுதான். அவர் வீடு, அவர் ஹால், அவர் பிள்ளைகள் எல்லாரும் கூடியிருக்கும் நாள். அங்கிருந்து எழுந்து போக அவர் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் முதலில் நான் செய்தது, 'யு' என்றால் உண்மையில் என்ன என்று தேடிப் படித்ததுதான். அந்த எழுத்தை நம்பித்தானே படத்தைப் போட்டோம்? 'யு' என்றால் எல்லா வயதினரும் பார்க்கலாம். பழைய 'யு/ஏ' என்றால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர்கள் துணையோடு பார்க்கலாம். 'ஏ' என்றால் பதினெட்டு நிறைந்தவர்களுக்கு மட்டும். இது பல பேருக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது இதற்குப் பின்னால் உள்ள வரிக்கணக்கு. தமிழ்நாட்டில் 2011 முதல் 2017இல் ஜிஎஸ்டி வரும் வரை, கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால் படத்துக்குத் தமிழ்ப் பெயர் இருந்தால் மட்டும் போதாது, 'யு' சான்றிதழும் வேண்டும். அதனால் அந்த ஆறேழு வருடத்தில் எப்படியாவது 'யு' வாங்கிவிட வேண்டும் என்று படக்குழுக்கள் மெனக்கெட்டன. தணிக்கையில் சொல்கிற இடங்களை வெட்டி, வசனத்தில் சத்தத்தை அணைத்து 'யு' வாங்குவார்கள். வெட்டிய இடம் போய்விடும், படத்தின் குணம் போகுமா? அந்தக் காலத்துப் படத்தில் 'யு' என்று பார்த்தால் இப்போது நான் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பேன்.

இப்போது நிலைமை கொஞ்சம் தெளிவு. 2023இல் சட்டத்தைத் திருத்தி, 2024இல் புது விதிகள் வந்தபிறகு 'யு/ஏ' மூன்றாகப் பிரிந்துவிட்டது: 7+, 13+, 16+. வீட்டில் ஏழு வயதும் பன்னிரண்டு வயதும் இருக்கிற எனக்கு இது பெரிய உதவி. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் தியேட்டருக்கு. ஓடிடி நிறுவனங்கள் 2021இல் வந்த விதிகளின்படி தாங்களே வயது வகையைக் குறித்துக்கொள்கின்றன. தியேட்டரில் வெட்டிய காட்சி அங்கே வெட்டாமலும் வரலாம். டிவியிலோ 'ஏ' படத்தை அப்படியே போட முடியாது. வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்கித்தான் போட வேண்டும். ஆக, ஒரே படம் தியேட்டரில் ஒன்று, டிவியில் ஒன்று, ஓடிடியில் ஒன்று. "டிவில பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்று பக்கத்து வீட்டில் சொன்னால், அவர்கள் பார்த்ததும் நாம் பார்க்கப்போவதும் ஒன்றுதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓடிடியில் படம் தொடங்கும்போது திரையின் மூலையில் வயதும், கூடவே வன்முறை, கெட்ட வார்த்தை, போதைப்பொருள் என்று இரண்டு மூன்று சொற்களும் வந்து சில நொடியில் மறைந்துவிடும். ரொம்ப நாள் நான் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது அந்த இடத்தில் நிறுத்திப் படிக்கிறேன். வயதைவிட அந்தச் சொற்கள்தான் எனக்குப் பயன். எண் எல்லாப் பிள்ளைக்கும் பொது. எதற்குப் பயப்படுவாள் என்பது என் பிள்ளைக்கு மட்டும் உரியது.

இதைக் 'காக்கா முட்டை' பார்த்த அன்று புரிந்துகொண்டேன். 2015இல் தியேட்டரில் பார்த்து நான் மயங்கிய படம். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம். சென்னைக் குடிசைப் பகுதியில் இரண்டு சிறுவர்கள், ஒருமுறையாவது பீட்சா சாப்பிட்டுவிட வேண்டும் என்று காசு சேர்க்கிற கதை. பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான படம் உண்டா என்று தைரியமாகப் போட்டேன். பாட்டி தோசை மாவில் பீட்சா செய்து கொடுக்கிற காட்சியில் சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பின்னால் அந்தப் பாட்டி இறந்துபோகிறார். அது என் நினைவிலேயே இல்லை. சின்னவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் ஆச்சியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அன்று ராத்திரி ஆச்சி பக்கத்தில்தான் படுத்தாள். நடுவில் இரண்டு முறை எழுந்து ஆச்சிக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்ததாக அத்தை மறுநாள் சொன்னார்.

படத்தின்மீது ஒரு குறையும் இல்லை. இப்போதும் அதை யாருக்கும் தயங்காமல் சொல்வேன். தவறு என்னுடையது. பத்து வருடத்துக்கு முன்னால், சின்னவள் பிறப்பதற்கு முன்னால் பார்த்த படத்தை, "எனக்குத் தெரியும்" என்று நினைத்துப் போட்டேன். நம் நினைவில் தங்குவது நமக்குப் பிடித்த இடங்கள் மட்டும்தான். சின்ன வயதில் ஓடி ஓடிப் பார்த்த நகைச்சுவைகளை மறுபடி போட்டுப் பாருங்கள். கறுப்பாக இருப்பவரையும் குண்டாக இருப்பவரையும் திக்கிப் பேசுகிறவரையும் கிண்டல் செய்கிற இடங்கள் எத்தனை என்று தெரியும். அன்று நாம் சிரித்தோம். இன்று நம் பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னால் எப்படி இருக்கும்?

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை ராத்திரி வீட்டோடு பார்க்கப் போகிற படத்தை, வெள்ளிக்கிழமை பிள்ளைகள் தூங்கியபின் நானோ என் கணவரோ முன்கூட்டியே பார்த்துவிடுவோம். இரண்டரை மணி நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். முதல் அரைமணி நேரத்தை முழுசாகப் பார்ப்பேன்; எந்த மாதிரி படம், யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். மிச்சத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவேன். சண்டை, பாட்டு, இடைவேளைக்கு முன்னால் உள்ள பத்து நிமிடம், கடைசி இருபது நிமிடம், இந்த இடங்களில் மட்டும் நிதானிப்பேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் எந்த நிமிடத்தில் என்ன என்று குறித்து வைக்கிறேன். கூட வேலை பார்க்கும் இரண்டு பேரும் இப்படியே குறிக்கிறார்கள், பக்கங்களை மாற்றிக்கொள்கிறோம். அதனால் மாதத்துக்கு நான் முழுசாக முன்பார்வை பார்ப்பது இரண்டு படம்தான்.

இப்படிக் குறிக்கக் குறிக்க, நான் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதே மாறிவிட்டது. முத்தக் காட்சி, கத்திக்குத்து இவற்றைத்தான் முதலில் தேடினேன். அவை கண்ணில் படுகிறவை, தள்ளிவிட்டுப் போய்விடலாம். தள்ள முடியாதது கதைக்குள்ளேயே ஊறிக் கிடப்பது. ஒரு பெண் 'வேண்டாம்' என்று சொன்னபிறகும் பஸ் ஸ்டாப், கல்லூரி, கோயில் என்று அவளைப் பின்தொடர்கிற கதாநாயகன். அதைக் காதல் என்று சொல்கிற பாட்டு. கடைசியில் அவள் சிரித்துக்கொண்டே சம்மதிப்பது. இப்படி ஒரு படத்தின் நடுவில் பெரியவன் கேட்டான்: "அந்த அக்காதான் வேண்டாம்னு சொல்லிட்டாங்கள்ல, பெறவு ஏம்மா பின்னாடியே போறான்?" படத்தை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பேசினோம். அவன் அப்பாதான் அதிகம் பேசினார், அதுதான் நல்லது என்று எனக்கும் பட்டது. பன்னிரண்டு வயதுப் பையன் உள்ள வீட்டில் பத்து சண்டைக் காட்சியைவிட இந்த ஒரு விஷயம் எனக்குப் பெரிது. சான்றிதழில் இதற்கு ஒரு எழுத்தும் கிடையாது.

சினிமாவாவது வாரத்துக்கு ஒன்று. சீரியல் தினமும் வருகிறது. எங்கள் வீட்டில் ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை அத்தையின் நேரம். ஒருநாள் சின்னவள் தன் பொம்மையைச் சுவரோடு நிறுத்தி, விரலை நீட்டி, "உன்னை இந்த வீட்டை விட்டு விரட்டாம விட மாட்டேன்" என்று பேசிக்கொண்டிருந்தாள். குரல்கூட அந்தச் சீரியல் வில்லியின் குரல்தான். நான் அவசரப்பட்டு அத்தையிடம் நேராகப் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் பாக்கது தப்புன்னா சொல்லிரு, எந்திச்சு உள்ள போயிருதேன்" என்றார். மறுபடியும் அவரை எழுப்பி அனுப்புகிறேனா என்று எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு ஒரு சீரியலை முழுசாகப் பார்த்தேன். அவருக்கு அதில் என்ன பிடிக்கிறது என்று கேட்டேன். "கதையா? கதை எனக்குத் தெரியாதாக்கும். மத்தியானம் பூரா வீட்ல ஆள் கிடையாது. ராத்திரி நாலு பேரு பேசுத சத்தம் கேக்கணும்" என்றார். அதைக் கேட்டபிறகுதான் வழி பிறந்தது. சீரியல்கள் மறுநாள் பகலில் மறுஒளிபரப்பாகின்றன, சேனலின் செயலியிலும் கிடைக்கின்றன. யாரும் இல்லாத மத்தியானத்துக்குச் சீரியல், பிள்ளைகள் இருக்கிற ராத்திரிக்கு எங்கள் பேச்சு என்று மாற்றிக்கொண்டோம். ஒரே ஒரு சீரியலை மட்டும் ராத்திரியிலேயே விடாமல் பார்க்கிறார். அந்த அரைமணி நேரம் பிள்ளைகளுக்கு உள்ளறையில் சாப்பாடும் கதையும். எந்தச் சீரியலை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தது அத்தைதான். வீட்டில் பெரியவர்களிடமிருந்து ரிமோட்டை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்காருங்கள்.

பிள்ளைகளோடு பார்க்க சீரியலே இல்லை என்றும் சொல்ல முடியாது. 'மால்குடி டேஸ்' இருக்கிறதே. ஆர்.கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் இயக்கி, 1986இல் தூர்தர்ஷனில் தொடங்கியது. கர்நாடகத்து ஆகும்பேயில் எடுத்தார்கள். ஒவ்வொரு பகுதியும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அதுவே பெரிய நன்மை. வசனம் தமிழ் இல்லை என்று தயங்கினேன். பெரியவன் பாதி, நான் பாதி என்று தமிழில் சொல்லிக்கொண்டே போனோம். கதையில் வரும் சிறுவன் சுவாமி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கும்போது அத்தைக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' போட்டோம். மஜித் மஜிதியின் 1997 ஈரானியப் படம். அண்ணன் தங்கையின் ஷூவைத் தொலைத்துவிடுகிறான். அப்பாவிடம் புது ஷூ வாங்கக் காசில்லை. இருவரும் ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். பேசுவது பாரசீகம், கீழே ஓடுவது ஆங்கிலம், ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் எட்டாது. பெரியவன் எழுத்தைப் படிப்பான், நான் அதை எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வேன். கடைசியில் ஓட்டப் பந்தயம். மூன்றாவதாக வருபவனுக்குத்தான் ஷூ பரிசு. "ஏலே, மெதுவா ஓடுல, மூணாவது வால" என்று அத்தை டிவியைப் பார்த்துக் கத்துகிறார். சின்னவள் சோபாவின்மேல் ஏறி நிற்கிறாள். அவன் முதலாவதாக வந்துவிட, ஹாலில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் 'அய்யோ' என்றோம். அடிதடி இல்லை, வில்லன் இல்லை, ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஒரு குடும்பம் ஒன்றாகப் படம் பார்ப்பது என்று நான் இத்தனை நாள் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

பழைய படங்களுக்கும் நாங்கள் அடிக்கடி போகிறோம். 1957இல் வந்த 'மாயாபஜார்' சின்னவளுக்கு உயிர். கடோத்கஜனாக வரும் எஸ்.வி. ரங்காராவ் லட்டுகளைத் தானாகப் பறந்து வாய்க்குள் போக வைக்கிற இடத்தை மூன்று தடவை திருப்பிப் போடச் சொல்வாள். நீளமான படம் என்று யாரும் பயப்பட வேண்டாம். இடைவேளை வரை ஒருநாள், மிச்சம் மறுநாள். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்கிற காட்சிக்கு அத்தையும் பெரியவனும் ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள். அறுபது வருட வயது வித்தியாசம் இருவருக்கும். பழசு என்றாலே சுத்தம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். மனைவியை அறைந்து 'திருத்துகிற' கணவன்மார்கள் அந்தப் படங்களில் நிறைய உண்டு. அதையும் வெள்ளிக்கிழமை பார்த்துவிடுவது நல்லது.

கார்ட்டூன் விஷயத்திலும் இதே கதைதான். வரைந்த படம் என்றாலே குழந்தைகளுக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரியவர்களுக்கென்றே வரைந்தவை ஏராளம், தலை துண்டாகிறவையும் உண்டு.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். ஓடிடியில் பிள்ளைகளுக்குத் தனி புரொஃபைல், அதற்கு வயது வரம்பு, பெரியவர்கள் புரொஃபைலுக்கு ரகசிய எண், அதாவது பின் நம்பர். பின் நம்பர் போடாமல் குழந்தைகள் புரொஃபைல் மட்டும் வைப்பது, முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைப்பது மாதிரி. நெட்ஃப்ளிக்ஸில் குறிப்பிட்ட ஒரு படத்தை மட்டும் மறைக்கவும், அடுத்த பகுதி தானாக ஓடுவதை நிறுத்தவும் முடியும். தானாக ஓடுவதை நிறுத்துங்கள். 'போதும்' என்று சொல்ல ஒரு இடைவெளி கிடைக்கும், எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அதிலேயே குறைந்தது. செட்டாப் பாக்ஸிலும் சேனல்களைப் பூட்டலாம். எங்கள் பெட்டியின் பின் நம்பர் 1234 என்றே இருந்தது, பெரியவன் அதை எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருந்தான். யூடியூபில் முழுப்படம் போடும்போது நடுவில் வருகிற விளம்பரத்தைக் கவனியுங்கள். நல்ல பக்திப் படத்துக்கு நடுவில் பேய்ப் படத்தின் டிரெய்லர் வந்து நாங்கள் பட்டிருக்கிறோம்.

படம் தேர்ந்தெடுக்கும் உரிமை வாரம் ஒருவருக்கு. நாங்கள் முன்பார்வை பார்த்து வைத்த நாலைந்து படத்திலிருந்து எடுக்க வேண்டும், மற்றவர்கள் முணுமுணுக்கக் கூடாது. யாருக்காவது பிடிக்காத காட்சி வந்தால் 'நிறுத்து' என்று சொல்லலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டோம். இந்த விதியை முதலில் பயன்படுத்தியது அத்தைதான். எழுந்து போகாமல், உட்கார்ந்த இடத்திலேயே கையைத் தூக்கி, "எப்பா, அதைத் தள்ளிவிடு" என்றார்.

பெரியவனுக்கு வருகிற ஆடியில் பதிமூன்று முடிகிறது. இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டான்: "அப்ப 13+ எல்லாம் நான் பாக்கலாம்ல?" வகுப்பில் பையன்கள் பேசுகிற கொரியத் தொடர் 'ஏ' வகையைச் சேர்ந்தது, அதற்கு இல்லை என்று சொல்லி, ஏன் என்றும் சொல்லிவிட்டேன். 13+ படத்துக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து அவனும் முன்பார்வை பார்க்கலாம். தங்கச்சிக்கு எது ஆகாது என்று நோட்டில் அவன்தான் எழுத வேண்டும். போன வாரம் முதல் முறை எழுதினான். நான் காலையில் எடுத்துப் பார்த்தேன், கோணல் கையெழுத்தில் இரண்டே வரி: "47வது நிமிடம், நாய் செத்துப்போகும். பாப்பா அழுவா, 51க்குப் போயிரணும்."